டிவிடி, புளூ-ரேவா? ஹார்டு டிஸ்க்கா? கல்யாண வீடியோவை எதில் வைத்தால் 25 ஆண்டு கழித்தும் ஓடும்?

உங்கள் வீட்டு பீரோவைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். பட்டுப்புடவைகளுக்கு அடியிலோ, கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்திலோ, மணமக்கள் படம் அச்சிட்ட உறைக்குள் இரண்டு மூன்று டிவிடிகள் இருக்க வாய்ப்பு அதிகம். அக்கா கல்யாணம், தம்பியின் காதுகுத்து, தாத்தாவின் சதாபிஷேகம். சரி, எடுத்துவிட்டீர்கள். எதில் போட்டுப் பார்ப்பீர்கள்? இப்போது வாங்கும் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் கிடையாது. ஹாலில் இருந்த டிவிடி பிளேயர் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போயிருக்கும்.

இன்னொரு பக்கம் செல்போன். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, முதல் நாள் பள்ளிக்கூடம் போனது என எல்லாமே அதற்குள்தான். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்ததும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, மொத்தத்தையும் அதில் கொட்டிவிட்டு, போனில் அழித்துவிடுகிறோம். அந்த ஹார்டு டிஸ்க் ஒருநாள் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால்?

தகவல்களை நீண்ட நாள் சேமிக்க எது நல்லது என்ற விவாதம் போட்டோகிராபர்கள், ஆவணக் காப்பகங்கள், பெரிய டேட்டா சென்டர்கள் நடத்துபவர்கள் நடுவில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. லேசரால் எழுதும் ஆப்டிகல் டிஸ்க் ஒரு பக்கம், காந்தத்தால் எழுதும் ஹார்டு டிஸ்க் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் பெயரில் டிஸ்க் இருப்பதால், குழப்பம் வராமல் இருக்க சிடி, டிவிடி, புளூ-ரே வகையை இந்தக் கட்டுரையில் ‘தகடு’ என்றே சொல்லிவிடலாம்.

தகட்டில் தகவல் எப்படிப் பதிகிறது?

தகட்டின் மேல் லேசர் ஒளி படுகிறது. பதிவான இடத்திலும் பதிவாகாத இடத்திலும் அது வெவ்வேறு விதமாகத் திரும்பி வருகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் பிளேயர் 0, 1 என்று படித்துக்கொள்கிறது. கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் இவை அச்சில் அழுத்தி உருவாக்கிய நுண்ணிய பள்ளங்கள். நாம் வீட்டில் ‘ரைட்’ செய்யும் டிவிடியில், லேசர் சூடு ஒரு சாயப் பூச்சை மாற்றி உண்டாக்கும் புள்ளிகள். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிடி 1982இல் விற்பனைக்கு வந்தது. அதில் அகச்சிவப்பு லேசர், அலைநீளம் 780 நானோமீட்டர், கொள்ளளவு சுமார் 700 எம்பி. 1996இல் ஜப்பானில் டிவிடி வந்தது. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், 4.7 ஜிபி. 2006இல் புளூ-ரே. 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர், ஓர் அடுக்கில் 25 ஜிபி. பிறகு மூன்று அடுக்கில் 100 ஜிபி, நான்கு அடுக்கில் 128 ஜிபி வரை போனார்கள்.

மூன்று தகடுகளும் ஒரே அளவுதான், 12 சென்டிமீட்டர். மாறியது லேசர். அலைநீளம் குறையக் குறைய ஒளியை இன்னும் சின்னப் புள்ளியாகக் குவிக்கலாம். ஒரே பக்கத்தில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவதற்கும் ஜெல் பேனாவால் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. நீல ஒளியை எல்இடியில் கொண்டுவந்ததற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சிதான் புளூ-ரேயின் நீல லேசர்.

ஹார்டு டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது?

1956இல் ஐபிஎம் நிறுவனம் ‘ராமாக்’ என்ற கணினியோடு முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 24 அங்குல அகலத்தில் 50 வட்டுகள். மொத்தமாகச் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தான் பிடிக்கும். இன்று உங்கள் போன் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும்.

அடிப்படை மட்டும் இன்றும் அதேதான். காந்தப் பூச்சு போட்ட வட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. ஒரு சின்ன ஊசிமுனை மாதிரியான ‘ஹெட்’ அவற்றின் மேல் பறந்தபடியே காந்தத் திசையை மாற்றி எழுதுகிறது, படிக்கிறது. ஹெட்டுக்கும் வட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடும்போது கீழே விழுந்தால் ஹார்டு டிஸ்க் ஏன் காலியாகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். ஹெட் வட்டில் உரசினால் பூச்சு போச்சு, பூச்சோடு தகவலும் போச்சு.

இந்தப் பக்கமும் ஒரு நோபல் உண்டு. மிக மெல்லிய காந்த மாற்றத்தையும் உணர உதவும் ‘ராட்சத காந்தத்தடை’ விளைவைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் இருவருக்கும் 2007இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு வந்த பிறகுதான் ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு கிடுகிடுவென ஏறியது.

இன்னொரு வேடிக்கை. இப்போது ஹார்டு டிஸ்க்கே லேசரைக் கடன் வாங்கியிருக்கிறது. வட்டில் ஒரு புள்ளியை லேசரால் கண நேரத்தில் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அது ஆறுவதற்குள் காந்தத்தால் எழுதுகிறார்கள். இந்த முறையில் சீகேட் நிறுவனம் 2024 தொடக்கத்தில் ஒரே ஹார்டு டிஸ்க்கில் 30 டெராபைட்டுக்கு மேல் கொண்டுவந்தது. அதாவது 25 ஜிபி புளூ-ரே தகடுகள் 1,200.

தகட்டுக்காரர்கள் சொல்வது என்ன?

தகட்டை ஆதரிப்பவர்களின் வாதங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, தகட்டில் ஓடும் பாகம் எதுவும் கிடையாது. மோட்டார், ஹெட், சர்க்யூட் எல்லாம் பிளேயரில்தான். பிளேயர் கெட்டால் வேறு பிளேயர். ஹார்டு டிஸ்க்கில் தகவலும் இயந்திரமும் ஒரே பெட்டிக்குள். மோட்டார் போனால் தகவலையும் எடுக்க முடியாது.

இரண்டாவது, ஒருமுறை எழுதும் தகட்டை அழித்து எழுத முடியாது. இது குறையாகத் தெரியலாம். ஆனால் ரேன்சம்வேர் வைரஸ் ஒன்று உங்கள் லேப்டாப்பில் புகுந்து, கூடவே சொருகியிருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்போது, அலமாரியில் இருக்கும் தகட்டை அதால் தொடவே முடியாது. தெரியாமல் ‘டெலிட்’ அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, நஷ்டம் பிரிந்துபோகும். 40 தகடுகளில் ஒன்று கீறிப்போனால் போவது நாற்பதில் ஒரு பங்கு. ஹார்டு டிஸ்க் ஒன்று செத்தால் மொத்தமும் ஒரே நாளில் போகும்.

பெரிய நிறுவனங்களும் இதை யோசித்தன. 2014 ஜனவரியில் ஃபேஸ்புக் ஒரு மாதிரிப் பெட்டியைக் காட்டியது. உள்ளே 10,000 புளூ-ரே தகடுகள், மொத்தம் 1 பெட்டாபைட், அதாவது 1,000 டெராபைட். யாரும் திறந்து பார்க்காத பழைய போட்டோக்களை இதில் வைத்தால், அப்போது தாங்கள் பயன்படுத்திய ஹார்டு டிஸ்க் முறையைவிடச் செலவு 50 சதவீதம், மின்சாரம் 80 சதவீதம் குறையும் என்றது அந்த நிறுவனம். அதே ஆண்டு மார்ச்சில் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ‘ஆர்க்கைவல் டிஸ்க்’ என்ற புதிய தகட்டை அறிவித்தன. 300 ஜிபியில் தொடங்கி 500 ஜிபி, 1 டெராபைட் என்று படிப்படியாக ஏற்றுவது திட்டம்.

ஹார்டு டிஸ்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்கள் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறார்கள். நாமும் போட்டுப் பார்க்கலாம்.

உங்களிடம் 1 டெராபைட் போட்டோவும் வீடியோவும் இருக்கிறது. குழந்தை உள்ள வீட்டில் இது பெரிய அளவே இல்லை. சாதாரண டிவிடி என்றால் 200க்கும் மேல் வேண்டும். 25 ஜிபி புளூ-ரே என்றால் 40. 100 ஜிபி தகடு என்றால் 10. நான்கு மடங்கு வேகத்தில், அதாவது வினாடிக்கு 18 எம்பி வீதம் எழுதினால், ஒரு 100 ஜிபி தகட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பத்துத் தகட்டுக்கு 15 மணி நேரம். நடுநடுவே தகட்டை மாற்றிப்போட நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தத் தகட்டில் என்ன இருக்கிறது என்று எழுதியும் வைக்க வேண்டும்.

வினாடிக்கு 120 எம்பி வேகத்தில் எழுதும் சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இதே வேலை சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ராத்திரி காப்பி போட்டுவிட்டு ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் வேலை ஆகியிருக்கும்.

விலையிலும் இதே கதை. 100 ஜிபி தகட்டை ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஹார்டு டிஸ்க்கைவிட அதிகமாகத்தான் வரும். அதோடு எழுதுவதற்கு ஒரு புளூ-ரே ரைட்டரும் தனியாக வாங்க வேண்டும்.

சலிப்பு தரும் வேலையை யாரும் தொடர்ந்து செய்வதில்லை. பேக்கப்புக்கு 15 மணி நேரம் ஆகும் என்றால், ‘அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்றுதான் தோன்றும். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. ஹார்டு டிஸ்க்கின் மிகப் பெரிய பலம் இதுதான், வேலை சுலபம்.

சரி, எது எத்தனை ஆண்டு தாங்கும்?

இங்கேதான் விளம்பரமும் உண்மையும் கலந்துவிடுகின்றன.

ஹார்டு டிஸ்க் பற்றி நல்ல கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் பேக்கப் நிறுவனம், தான் ஓட்டும் ஹார்டு டிஸ்க்குகளில் எத்தனை செத்தன என்பதை 2013 முதல் வெளிப்படையாக வெளியிட்டு வருகிறது. 2024இல் சுமார் 3 லட்சம் டிஸ்க்குகளில் ஆண்டுத் தோல்வி விகிதம் 1.57 சதவீதம். நூறில் ஒன்று அல்லது இரண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை குளிரூட்டிய டேட்டா சென்டரில், இடத்தைவிட்டு அசையாமல் ஓடுபவை. உங்கள் லேப்டாப் பையில் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வருபவை அல்ல. அந்த நூறில் ஒன்று உங்களுடையதாக இருந்தால், உங்களைப் பொறுத்தவரை இழப்பு 100 சதவீதம்.

தகட்டுக்கு வருவோம். கடையில் வாங்கிய சினிமா டிவிடி 20 ஆண்டு கழித்தும் ஓடுகிறதே, நாம் ரைட் செய்தது ஏன் ஓடவில்லை? மனதில் வைக்கச் சொன்ன விஷயம் இதுதான். சினிமா டிவிடியில் இருப்பது அச்சில் அழுத்திய பள்ளம். நம் டிவிடியில் இருப்பது சாயம். வெயில், சூடு, ஈரப்பதம் மூன்றும் சாயத்தை மங்கச் செய்பவை. ஸ்டுடியோவில் மலிவான தகட்டில் எழுதிக்கொடுத்த கல்யாண டிவிடி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடுநடுவே கட்டம் கட்டமாகத் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதன் தகவல் அடுக்கு, பெயர் எழுதும் பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே சேதமாகலாம்.

புளூ-ரே இந்த விஷயத்தில் மேல். பெரும்பாலான ஒருமுறை எழுதும் புளூ-ரே தகடுகளில் சாயத்துக்குப் பதிலாகச் சிதையாத கனிமப் பூச்சு இருக்கும். விதிவிலக்கு, ‘எல்டிஎச்’ என்று அட்டையில் போட்ட வகை. அது சாயம்தான். ‘எம்-டிஸ்க்’ என்ற தகடு 1,000 ஆண்டு தாங்கும் என்றே விளம்பரம் செய்தார்கள். தகட்டைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்து வேகமாக முதுமையாக்கிப் பார்த்துப் போட்ட மதிப்பீடு அது. தகடு ஆயிரம் ஆண்டு தாங்குமோ என்னவோ, அதை உருவாக்கிய மில்லினியாட்டா நிறுவனம் 2016இல் திவாலாகிவிட்டது. எம்-டிஸ்க் தகடுகளை இப்போது வேறு நிறுவனங்கள் விற்கின்றன.

900 ஆண்டு புத்தகமும் 16 ஆண்டு தகடும்

தகடு தாங்கினால் மட்டும் போதாது என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஓர் உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது.

1086இல் மன்னர் முதலாம் வில்லியம் தன் நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை மாடு இருக்கிறது என்று கணக்கெடுத்து ‘டூம்ஸ்டே புக்’ என்ற ஏட்டில் எழுதவைத்தார். அதன் 900ஆவது ஆண்டையொட்டி 1986இல் பிபிசி ஒரு நவீன டூம்ஸ்டேயை உருவாக்கியது. பள்ளி மாணவர்கள் உள்பட 10 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாவற்றையும் அன்றைய உயர்கொள்ளளவுத் தகடான 12 அங்குல லேசர்டிஸ்க்கில் பதித்தார்கள்.

அதைப் படிக்க அந்தத் திட்டத்துக்கென்றே வடிவமைத்த பிலிப்ஸ் பிளேயரும் பிபிசி மாஸ்டர் கணினியும் வேண்டும். விலை அதிகம் என்பதால் வாங்கியவர்கள் குறைவு. 2000ஆம் ஆண்டு வாக்கில், ஓடும் நிலையில் இருந்த கருவிகளைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. தகடுகள் நன்றாகத்தான் இருந்தன. படிக்க ஆள் இல்லாத ஓலைச்சுவடி மாதிரி ஆகிவிட்டன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக் குழு, அந்தப் பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளை எழுதித்தான் மீட்டது. பிறகு 2011இல் பிபிசி அதை இணையத்தில் வைத்தது.

1086இல் எழுதிய தோல் ஏடு இன்றும் லண்டன் அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் படிக்க லத்தீன் தெரிந்த ஒருவரும் கொஞ்சம் வெளிச்சமும் போதும்.

தகட்டை யார் தயாரிக்கிறார்கள்?

இந்தக் கதை மறுபடி நடக்கும் அறிகுறிகள் இப்போதே தெரிகின்றன. பானசோனிக் 2023 பிப்ரவரியில் பதிவு செய்யும் புளூ-ரே தகடுகளை நிறுத்தியது. புளூ-ரேவை உருவாக்கியதில் முன்னணியில் நின்ற சோனி, 2025 பிப்ரவரியோடு பதிவு செய்யும் புளூ-ரே தகடுகளின் தயாரிப்பை முடித்துக்கொண்டது. அடுத்து புதிய மாடல் வராது என்றும் சொல்லிவிட்டது. சினிமாவும் கேமும் அச்சிட்டு வரும் தகடுகளுக்கு இது பொருந்தாது. வெர்பேட்டிம் போன்ற சில நிறுவனங்கள் வெற்றுத் தகடுகளை இன்னும் விற்கின்றன. ஆனாலும் ஊர் காலியாகத் தொடங்கிவிட்டது.

20 ஆண்டு கழித்து உங்கள் மகள் ஒரு புளூ-ரே தகட்டைக் கையில் எடுத்தால், அதைப் படிக்கும் டிரைவ் எங்கே கிடைக்கும்? தகட்டுக்காரர்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி இதுதான்.

‘200 டெராபைட் தகடு’ வருகிறதாமே, காத்திருக்கலாமா?

2024 பிப்ரவரியில் ஷாங்காய் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டிவிடி அளவுள்ள ஒரே தகட்டில் 1.6 பெட்டாபிட், அதாவது சுமார் 200 டெராபைட் வைக்கலாம் என்றது அது. ஒரு லேசர் எழுதும், இன்னொரு லேசர் அதன் ஓரங்களை அடக்கிப் புள்ளியைச் சுருக்கும். அப்படியே 100 அடுக்குகள். உண்மையிலேயே அபாரமான வேலை.

ஆனால் ஆய்வகத்துக்கும் கடைக்கும் தூரம் அதிகம். 200 டெராபைட்டை வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினாலும் முடிக்க 23 நாள் ஆகும். இப்படி அறிவிப்பு வருவது முதல் முறையும் இல்லை. இன்ஃபேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஹோலோகிராம் முறையில் 300 ஜிபி தகடு கொண்டுவருகிறோம் என்று பல ஆண்டுகள் சொல்லி, 2010இல் கடையை மூடியது.

மைக்ரோசாஃப்ட்டின் ‘புராஜெக்ட் சிலிக்கா’ இன்னொரு முயற்சி. 2019இல் 1978ஆம் ஆண்டின் ‘சூப்பர்மேன்’ படத்தை, 7.5 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் துண்டு ஒன்றில் லேசரால் பதித்துக் காட்டினார்கள். வேகவைத்தார்கள், அடுப்பில் சுட்டார்கள், கம்பி நாரால் தேய்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது பெரிய டேட்டா சென்டர்களை மனதில் வைத்துச் செய்வது. உங்கள் மேஜைக்கு வருவதற்காக அல்ல. ஆகவே, இவற்றுக்காக இப்போதைய போட்டோக்களைக் காக்கவைக்க வேண்டாம்.

எஸ்எஸ்டி, பென் டிரைவ் போதாதா?

தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி அருமை. அலமாரியில் பூட்டிவைக்க அல்ல. அதில் தகவல் மின்னூட்டமாக இருக்கிறது, மின்சாரம் இல்லாமல் நாள்பட்டால் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், வீட்டு உபயோக எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தர அளவுகோல். புதிய எஸ்எஸ்டி இதைவிட நன்றாகவே தாங்கும். பென் டிரைவும் இதே இனம்தான், தரம் அதைவிடக் குறைவு.

858 டெராபைட் போன கதை

2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே இன்னொரு நகல் எடுத்து வைக்கப்படவில்லை.

தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. அங்கே தோற்றது எந்தப் பொருளும் அல்ல, எதில் வைத்திருந்தாலும் எரிந்துதான் இருக்கும். இன்னொரு ஊரில் இன்னொரு நகல் இல்லை, அவ்வளவுதான் விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தால் ஆல்பம், டிவிடி, ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒன்றாகத்தான் நனையும்.

அப்போ, நாம் என்ன செய்வது?

வீட்டுக்கு என்று கேட்டால் பதில் ஹார்டு டிஸ்க்தான். ஆனால் ஒன்று அல்ல, இரண்டு. தாங்கும் பொருளைத் தேடுவதைவிட, கெடும் பொருளைக் கெடுவதற்கு முன்பே மாற்றிக்கொண்டே இருப்பது நடைமுறையில் எளிது.

பழைய டிவிடிகளை இந்த மாதமே காப்பி எடுங்கள்: யூஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. இல்லாவிட்டால் நண்பர்களிடம் கடன் வாங்குங்கள். கல்யாண டிவிடியில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக காப்பி செய்யுங்கள். முடிந்தால் மொத்தத் தகட்டையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுப்பது இன்னும் நல்லது. திணறும் தகட்டை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்றில் ஓடாதது இன்னொன்றில் ஓடுவது உண்டு.

இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வீடு: இரண்டையும் வெவ்வேறு நிறுவனத்தில் வாங்குங்கள். ஒரே சமயத்தில் செய்த இரண்டு டிஸ்க்கில் ஒரே குறை இருந்துவிடக் கூடாது. ஒன்று உங்களிடம், இன்னொன்று ஊரில் அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ போகும்போது புதிய படங்களை அதில் சேர்த்துவிட்டு வரலாம். தொலைந்தால் யாரும் திறக்க முடியாதபடி பாஸ்வேர்டு போட்டு, அந்த பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: வாங்கிய தேதியை ஒட்டிவையுங்கள். சும்மா சொருகிப் பார்த்தால் போதாது, பத்துப் பதினைந்து படங்களையும் வீடியோக்களையும் திறந்து பாருங்கள். ஐந்து ஆண்டு ஆனதும், நன்றாக ஓடினாலும் புதியதற்கு மாற்றுங்கள். வழக்கமில்லாத சத்தம் வந்தால் அன்றே மாற்றுங்கள்.

மூன்றாவது நகல் கிளவுடில்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்பதை ‘3-2-1 விதி’ என்பார்கள். அமெரிக்கப் போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கியது. எல்லாவற்றையும் கிளவுடில் வைக்க மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். முக்கியமானதை மட்டும் தேர்ந்தெடுத்து வைக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பது பேக்கப் ஆகாது. சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும்.

தகடு யாருக்கு? போட்டோகிராபர், சிறு அலுவலகம், கணக்கு ஆவணம் வைப்பவர் எனத் திருத்த முடியாத நகல் தேவைப்படுபவர்களுக்குக் கனிமப் பூச்சு கொண்ட புளூ-ரே இன்றும் நல்ல கூடுதல் காவல். வீட்டிலும் ‘எது போனாலும் இது போகக் கூடாது’ என்று நினைக்கும் 25 ஜிபியை ஒரு தகட்டில் எழுதி, நிமிர்த்திவைத்து, வெயில் படாத ஈரமில்லாத இடத்தில் வைக்கலாம். ஆனால் அது கூடுதல் நகலாக மட்டும் இருக்கட்டும், ஒரே நகலாக வேண்டாம். டிரைவையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு என்று பார்த்தால் இரண்டு ஹார்டு டிஸ்க்கும், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும்தான். பீரோவில் இருக்கும் அந்தத் தகட்டில் தாத்தாவின் குரல் பதிவாகியிருந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமையை அதற்கே ஒதுக்குங்கள். திணறித் திணறியாவது ஓடும் தகட்டிலிருந்து எடுத்துவிடலாம். முழுசாக மங்கிப்போன பிறகு எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது.